மாரிட் கொடி பிடித்த சனிக்கிழமை

பரிசம் போடும் முன்பே பிள்ளைக்குப் பேர் வைத்த கதையாக, லூடர்ஸ்வேன் ஊர்க்காரர்கள் ஜெயிப்பதற்கு முந்தின நாளே வண்டி கட்டிவிட்டார்கள்.

அந்தப் பக்கத்து வழக்கம் அது. எந்த அணி சாம்பியன் ஆனாலும், பக்கப்பலகை இல்லாத நீளமான பண்ணை வண்டியில் ஆட்டக்காரர்களை ஏற்றி, டிராக்டரில் பூட்டி, மேளதாளத்தோடு ஊரை இரண்டு சுற்றுச் சுற்றுவார்கள். லூடர்ஸ்வேனுக்கு அந்த யோகம் அடித்து நாற்பத்தொரு வருடமாகிறது. இந்தச் சனிக்கிழமை நைவோல்ட ஊரோடு டிரா செய்தாலே போதும், ஊர்க் கால்பந்து கிளப்பின் மூன்றாம் அணி சாம்பியன்; தோற்றால் நைவோல்ட. மூன்றாம் அணி என்றால் தொப்பையும் முழங்கால் பட்டையுமாக ஆடுகிற அணி. ஆகவே வெள்ளிக்கிழமை மாலையே வண்டி மஞ்சள் பச்சைக் காகிதம் சுற்றிக்கொண்டு மைதானத்து வாசலில் நின்றது. அதில் ‘சாம்பியன்கள்’ என்று எழுதிய பலகையை அடிக்க ஏறிய ஹார்கெ வழுக்கி விழுந்து கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டார்.

ஹார்கெதான் பத்தொன்பது வருடமாக அந்த அணியின் கொடிக்காரர். இந்த மட்டத்து ஆட்டங்களுக்குச் சங்கம் நடுவர் ஒருவரை மட்டும்தான் அனுப்பும். கோட்டோரம் கொடி பிடிக்கிற துணை நடுவர்களை இரண்டு கிளப்பும் ஆளுக்கொருவராகக் கொடுக்க வேண்டும். அப்படி வருகிறவர் யாருக்காகக் கொடி பிடிப்பார் என்பது மைதானத்து நாய்க்கும் தெரியும்.

ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. ஹார்கெ இல்லாத அணிக்கு மாரிட் கிடைத்தாள்.

“நானா? எனக்கு என்ன தெரியும்?” என்றாள் மாரிட். காலை ரொட்டிமேல் தூவிய சாக்லேட் தூள் அப்போதுதான் அவள் சட்டையில் கொட்டியிருந்தது.

“நீ கண்ணாடிக் கடைக்காரி. ஊருக்கே கண்ணு பாக்குறவ. உன்னைவிட்டா யாரு?” என்றான் வெஸல். “ராத்திரியே எல்லாரும் பேசி முடிச்சாச்சு. எவனும் எதுத்துப் பேசல.”

வெஸலுக்கு முப்பத்தொன்பது வயது. கூரை வேலை செய்கிறவன். மூன்றாம் அணியின் முன்னணி ஆட்டக்காரன். முன்னணி என்பது நிற்கிற இடத்துக்குத்தான் பெயர், இந்தப் பருவம் முழுக்க அவன் ஒரு கோல்கூடப் போடவில்லை. மாரிட் நகரத்திலிருந்து வந்து இந்த ஊரில் கடை போட்டு ஏழு மாதம். வெஸல் வீட்டுக்குக் குடி வந்து மூன்று மாதம். அவன் வாசலில் பூட்ஸ் மண்ணைத் தட்டுகிற சத்தம் கேட்டாலே அவளுக்கு இன்னும் சிரிப்பு பொங்கும். இந்த ஊரில் அவளுக்கென்று இருப்பது ஒரு கடையும் ஒரு வெஸலும். இன்றைக்குக் கொடி கோணினால் இரண்டும் போய்விடும் என்று நினைத்தபடியே சட்டையை உதறிக்கொண்டு கிளம்பினாள்.

மைதானத்தில் ஹார்கெ கோட்டோரம் மடக்கு நாற்காலி போட்டு, காலைத் தூக்கி பீர்ப் பெட்டிமேல் வைத்துக்கொண்டு, உபதேசத்துக்குத் தயாராக இருந்தார்.

“கேட்டுக்க அம்மணி. பந்து கோட்டத் தாண்டிச்சா, அது நம்ம பந்து. யாரு கால்ல பட்டுச்சுன்னு யோசிக்காத. யோசிச்சா மூஞ்சி காட்டிக் குடுத்துரும். கைய நீட்டு, பக்கத்து வீட்டுக்காரன் கோழிய வெரட்டுற மாதிரி.”

“சரி.”

“அடுத்தது ஆஃப்சைடு. பந்து வர்றப்ப, தாக்குறவனுக்கும் கோலுக்கும் நடுவுல எதிராளுங்க ரெண்டு பேராச்சும் இருக்கணும், கீப்பரையும் சேத்து; இல்லன்னா குத்தம். நடுவர் கெர்லோஃபுக்குன்னு ஒரு சட்டம் இருக்கு. பாதி ஆட்டம் முடிஞ்சா அணிங்க பக்கம் மாறும், கொடிக்காரங்க மாறக் கூடாது. அதனால மொத பாதியில உன் முன்னால நம்மாளுங்க தாக்குவாங்க. நம்மாளு ஆஃப்சைடுல நின்னா நீ என்ன பண்ணுவ?”

“கொடியத் தூக்குவேன்.”

ஹார்கெ கண்ணை மூடித் திறந்தார். “உன் ஷூ கயிறப் பாப்ப. ரெண்டாவது பாதியில அவனுங்க தாக்குவானுங்க. அப்பத்தான் கொடி. பந்த உதைக்கிறதுக்கு முன்னாடியே மேல இருக்கணும்.”

“அது திருட்டு இல்லையா?”

“அங்க பாரு.” எதிர்க்கோட்டில் நைவோல்டவின் கொடிக்காரர், பீப்பாய் போன்ற ஒரு பேக்கரிக்காரர், கொடியை உதறிப் பழகிக்கொண்டிருந்தார். “ஹில்பர்ட்டு. அவன் அங்க திருடுறான், நான் இங்க திருடுறேன். ரெண்டும் சரிக்குச் சரி. கெர்லோஃபு ரெண்டு பேரையும் நம்ப மாட்டாரு. அதுதான் நியாயம். நடுவுல யாராச்சும் ஒழுங்கா இருந்தா எல்லாம் கெட்டுப் போயிரும்.”

விசில் ஊதியதும் மாரிட்டுக்குத் தலைகால் புரியவில்லை. ஓடினாள். பந்து வந்தது, போனது, அவள் பக்கவாட்டாக நண்டு மாதிரி ஓடினாள், யார் காபியையோ தட்டிவிட்டாள், மன்னிப்பு கேட்டுக்கொண்டே ஓடினாள். கொடி காற்றில் படபடத்தது. இப்படி ஓடிப் பல வருடமாயிற்று. மூச்சு வாங்கியது, அதற்குள்ளேயும் சிரிப்பு வந்தது. தனக்கு இது பிடித்திருக்கிறது என்று அவளுக்குத் திடுக்கென்று தெரிந்தது.

இருபதாவது நிமிடம். நடுவிலிருந்து ஒரு நீளப் பந்து. வெஸல் தன்னந்தனியாக அதைப் பிடித்தான், இரண்டடி தள்ளினான், கோல்கீப்பரைத் தாண்டி உருட்டினான். கோல். ஒரு வருட வறட்சிக்குப் பிறகு வெஸல் போட்ட கோல். ஊரே எகிறிக் குதித்தது. வெஸல் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நேராக மாரிட்டை நோக்கி ஓடி வந்தான், பாதி வழியில் நின்றான்.

“மாரிட். உன் கை ஏன் மேல இருக்கு?”

மாரிட் அண்ணாந்து பார்த்தாள். கை மேலேதான் இருந்தது. கையில் கொடியும் இருந்தது. பழக்க தோஷம்: நாள் முழுக்க எழுத்துப் பலகையைக் காட்டி, தெரிகிறதா தெரியவில்லையா என்று உள்ளதைச் சொல்லிச் சொல்லியே பிழைக்கிறவள்.

“நீ ஒரு முழம் முன்னால நின்ன,” என்றாள் சின்னக் குரலில்.

“எனக்கு இது வருஷத்துல ஒண்ணு.”

“தெரியும், வெஸல். ஆனா முழம் முழம்தானே.”

நடுவர் கெர்லோஃப் பேயறைந்தவர் மாதிரி வந்து நின்றார். கொடியைப் பார்த்தார். கொடிக்குக் கீழே இருந்த மஞ்சள் பச்சை மேற்சட்டையைப் பார்த்தார். “நீங்க லூடர்ஸ்வேன் கொடிதானே?”

“ஆமாங்க சார்.”

“போட்டது உங்க ஆளுதானே?”

“எங்க வீட்டு ஆளுங்க சார்.”

கெர்லோஃப் தொப்பி போடுகிறவராக இருந்திருந்தால் கழற்றியிருப்பார். கோல் ரத்து. கூட்டத்திலிருந்து ஒருவர் கத்தினார்: “ஏம்மா, நீ எந்த ஊரு சோறு திங்கிற?” இன்னொருவர்: “வெஸலு, இன்னைக்கு மாட்டுக் கொட்டாயிலதான்டா உனக்குப் படுக்கை.” வெஸல் திரும்பிப் போனான். ஹார்கெ முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டார்.

ஆனால் கால்மணி நேரத்தில் தொப்பியை எடுத்துவிட்டார். ஏனென்றால் ஒரு விநோதம் நடக்கத் தொடங்கியிருந்தது. ஹில்பர்ட் கொடியைத் தூக்கினால் கெர்லோஃப் மாரிட்டைத் திரும்பிப் பார்த்தார். மாரிட் தலையாட்டினால் தீர்ப்பு, இல்லையென்றால் ஆட்டம் தொடர்ந்தது. மைதானத்தின் அந்தக் கோடியில் நடந்ததற்குக்கூட அவளைத்தான் பார்த்தார். ஹில்பர்ட் கொடியை ஆட்டி ஆட்டி, கடைசியில் பேருந்தைத் தவறவிட்டவர் மாதிரி நின்றுவிட்டார்.

பாதி ஆட்டம் முடிவதற்குள் இரண்டு அணியும் ஆளுக்கொரு கோல் போட்டிருந்தன, ஒன்றுக்கொன்று. ஹார்கெ அவளுக்குக் கடுகு விழுது தொட்ட இறைச்சி உருண்டை ஒன்றைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார்.

“அம்மணி, நீ தெரியாத்தனமா ஒரு புதையலத் தோண்டிட்ட. பத்தொம்போது வருஷத்துல என்னை ஒருத்தனும் இப்பிடி நம்புனது இல்ல. இனி நீ சூரியன் மேக்கால உதிக்குதுன்னு கொடி காட்டுனாலும் அந்தாளு விசில் ஊதுவாரு. அந்தச் சொத்த ஒரே ஒரு தரம் செலவு பண்ணு. தேவைப்படுறப்ப.”

“தேவைப்படலன்னா?”

“தேவைப்படாம இருக்கணும்னு வேண்டிக்க.”

இரண்டாம் பாதியில் நைவோல்டக்காரர்கள் அவள் முன்னால் தாக்கினார்கள். அவசரக் குடுக்கைகள். ஏழு தரம் ஆஃப்சைடில் நின்றார்கள், ஏழு தரமும் உண்மையாகவே நின்றார்கள், ஏழு தரமும் கொடி ஏறியது. ஐந்தாவது தரம் கூட்டம் அவள் பெயரைச் சொல்லிப் பாடியது. முதல் பாதியில் ‘எந்த ஊரு சோறு’ என்று கேட்டவரே பாட்டை எடுத்துக் கொடுத்தார். மாரிட்டுக்குத் தலை கிறுகிறுத்தது. ஓடிய ஓட்டத்தில் கால் தரையில் பாவவில்லை. வெஸல்கூட ஒரு தரம் கடந்து போகும்போது, பார்க்காத மாதிரி பார்த்துச் சிரித்தான். அந்த அரைச் சிரிப்புக்காக அவள் இன்னும் இரண்டு மணி நேரம் ஓடியிருப்பாள்.

எண்பத்தெட்டாவது நிமிடம், இன்னும் ஒன்றுக்கொன்று. நைவோல்டவுக்குக் கார்னர். லூடர்ஸ்வேன் ஆட்டக்காரர்கள் மொத்தப் பேரும் கோல் முன்னால் குவிந்தார்கள். வெஸலைக் கோல் கம்பத்தை ஒட்டி நிறுத்தினார்கள். அந்தக் கம்பத்துக்குப் பின்னால்தான், சாம்பியன் படம் எடுக்க வந்த உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் கேமராவோடு குந்தியிருந்தார்.

கார்னர் பந்தைத் தலையால் முட்டி வெளியே தள்ளினார்கள். தற்காப்பு மொத்தமும் ஓ வென்று கத்திக்கொண்டு முன்னேறியது. இரண்டு பேரைத் தவிர: கோல்கோட்டில் நின்ற கீப்பர், அவர் முதுகுக்குப் பின்னால் கம்பத்தடியில் வெஸல். வெஸல் திரும்பி நின்று, நெற்றி முடியைத் தடவிச் சரிசெய்துகொண்டு, பத்திரிகைக்காரரிடம் எந்தப் பக்கம் திரும்பினால் படத்துக்கு நன்றாக இருக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

பந்து திரும்ப உள்ளே வந்தது. நைவோல்டவின் ஒல்லி ஆள் ஒருவன் தனியாக நின்று வாங்கினான், உதைத்தான், கோல்.

ஊர் பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. “கொடி, கொடி” என்று முந்நூறு தொண்டை கத்தியது. “ஆஃப்சைடு அம்மணி, பச்சையான ஆஃப்சைடு” என்று ஹார்கெ ஒற்றைக்காலில் எழுந்து நின்றார். கெர்லோஃப் ஓடி வந்து அவளைப் பார்த்தார். நம்பிக்கையோடு பார்த்தார். அதுதான் அவளைக் கொன்றது.

முன்னேறிய தற்காப்பை வைத்துப் பார்த்தால் ஒல்லி ஆள் ஆஃப்சைடுதான். ஆனால் வெஸல் கம்பத்தடியில் நின்றானே. கீப்பரும் அவனுமாக இரண்டு பேர் பின்னால் நின்றவரை ஒல்லி ஆள் மேல் குற்றமில்லை. பந்தையே பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரில் அவளைத் தவிர அதைக் கவனித்தவர் யாருமில்லை. கையை ஒரு முழம் தூக்கினால் வண்டி, மேளம், ஊர், வெஸல், எல்லாம் அவளுடையது. அவளுக்கு அழுகை வந்தது. தூக்க எவ்வளவு ஆசையாக இருந்தது என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். கை தொடையோடு ஒட்டியே இருந்தது.

கோல் செல்லும் என்று கெர்லோஃப் நடுக்கோட்டைக் காட்டினார். மிச்ச இரண்டு நிமிடத்தில் எதுவும் மாறவில்லை. நைவோல்ட சாம்பியன்.

பிறகு சத்தம் ஒரு பக்கம், மௌனம் ஒரு பக்கம். நைவோல்டக்காரர்கள் புல்லில் புரண்டார்கள். லூடர்ஸ்வேன்காரர்கள் மாரிட்டைச் சுற்றிக்கொண்டு போனார்கள், சேற்றுக் குழியைச் சுற்றிப் போவது மாதிரி. வெஸல் அவள் பக்கமே வரவில்லை. தூரத்தில் பத்திரிகைக்காரரின் கேமராத் திரையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காதுமடல் சிவந்ததை இங்கிருந்தே அவளால் பார்க்க முடிந்தது.

அப்போது நைவோல்ட கேப்டன் கூச்சத்தோடு கிளப் செயலாளரிடம் வந்தார். “நாங்க வண்டி எதுவும் ஏற்பாடு பண்ணல. உங்களது சும்மாத்தானே நிக்குது?”

செயலாளருக்கு நெஞ்சில் கத்தி இறங்கியது. ஆனால் வாடகைக்கு வந்த மேளக்காரர்கள் ஊதத் துடித்துக்கொண்டிருந்தார்கள், பீர் குளிர்ந்திருந்தது. எதையும் வீணாக்குவது அந்த ஊர் ரத்தத்தில் இல்லை. “ஏறித் தொலைங்க,” என்றார். தங்கள் வண்டியில் அடுத்த ஊரான் மட்டும் போவதைத் தாங்க முடியாமல் லூடர்ஸ்வேன் அணியும் கூடவே ஏறியது. வெஸலும் ஏறினான்.

மாரிட் வாய்க்கால் ஓரச் சாலையில் ஹார்கெயோடு நின்றாள். வண்டி மேளத்தோடு வந்தது. மேலிருந்து லூடர்ஸ்வேன் கீப்பர் கத்தினார்: “கண்ணாடிக்காரம்மா, மொதல்ல உன் கண்ணுக்கு டெஸ்ட் எடு.” வண்டி முழுக்கச் சிரித்தது. மாரிட்டும் சிரிக்கப் பார்த்தாள், வாய் கோணிக்கொண்டது.

டிராக்டரின் மட்கார்டில் யாரோ ஓங்கி அடித்தார்கள். வண்டி நின்றது. அடித்தது வெஸல்.

“அவ கண்ணு சரியாத்தான் இருக்கு,” என்றான். மேளத்தில் ஒரு குழல் மட்டும் நிறுத்த மறந்து ஊதிக்கொண்டிருந்தது. அது ஓயும்வரை காத்திருந்தான். “அவன் ஆஃப்சைடு இல்ல. நான் கம்பத்துக்கிட்ட நின்னேன். படத்துல தெளிவா இருக்கு. அழிச்சிரவான்னு பத்திரிகைக்காரரு கேட்டாரு, வேண்டாம்னுட்டேன்.”

“கம்பத்துக்கிட்ட நின்னு என்னடா பண்ணிட்டிருந்த?” என்றார் கீப்பர்.

வெஸல் நெற்றி முடியை ஒதுக்கினான். “தலை சீவிட்டிருந்தேன்.”

 மிச்சப் பத்து லூடர்ஸ்வேன்காரர்களும், அனுதாபத்தில் நாலு நைவோல்டக்காரர்களும் சேர்ந்து அவனைக் கை காலாகப் பிடித்து, ஒன்று இரண்டு மூன்று என்று ஆட்டி, வாய்க்காலில் எறிந்தார்கள். மேளம் தானாகவே தொடங்கிவிட்டது. வெஸல் தலையில் பாசிக் குல்லாயோடு எழுந்து, தண்ணீரைத் துப்பி, இருமி, மாரிட்டைப் பார்த்துச் சிரித்தான். முழுச் சிரிப்பு.

“அந்த முழம்,” என்று கத்தினான், “நிஜமாவே முழமா?”

“ஒண்ணேகால் முழம்,” என்றாள் மாரிட். கண்ணில் நீர் வழிந்தது, எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை. “பாவம்னு கொறைச்சுச் சொன்னேன்.”

“அம்மணி,” என்றார் ஹார்கெ, “இப்பவாச்சும் நான் சொல்றதக் கேளு. கரைக்குக் கிட்டப் போகாத. தண்ணி ஜில்லுனு இருக்கும்.”

மாரிட் கொடியை அவர் கையில் திணித்தாள், நாலடி பின்னால் போனாள், ஓடி வந்து குதித்தாள். யாரும் அவளைத் தள்ளவில்லை.