அளவு சட்டை கொண்டு வரவும்

பதினாறு ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லிவிட்டுத்தான் அவள் விமானம் ஏறினாள். மகள் சிட்டுவுக்கு ஆறு வயது. மாதம், வாரம் எல்லாம் இன்னும் பிடிபடாது. ஞாயிறு என்றால் தெரியும், அன்றைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது.

"பதினாறா? அது பத்தை விடப் பெருசா?"

"கொஞ்சம் பெருசு" என்றாள் அம்மா. அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு பெரியது என்று அப்போது அவளுக்கே தெரியாது.

ஒன்பது வருஷம் கூரியர் ஆபீஸில் கவர் எடை போட்டுச் சலித்து, முப்பத்து இரண்டு வயதில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தவள் அவள். தன்னைவிடப் பத்து வயது சின்னப் பெண்களோடு பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து படித்தாள். கடைசிப் பருவத்தில் இரண்டு பேரைக் கல்லூரியே வெளிநாட்டுப் பள்ளி ஒன்றுக்குப் பயிற்சிக்கு அனுப்பும். அந்த இருவரில் ஒருத்தியாக இவள் பெயர் வந்தது. இன்னொருத்திக்குக் கல்யாணம் நிச்சயமாகி அவள் விலகிக்கொண்டாள். இவளும் விலகத்தான் நினைத்தாள். கணவர்தான் விடவில்லை. மின்சார இலாகாவில் லைன்மேன் அவர்; எதையும் கம்பத்தை வைத்துத்தான் பேசுவார்.

"பாதி ஏறிட்டுக் கீழ பாத்தாத்தான் தலை சுத்தும். ஏறிட்டல்ல, மேல போ. சிட்டுவ நானும் அக்காவும் பாத்துக்கறோம்."

அந்த அக்காதான் விஷயமே. கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்ட நாத்தனார். வீட்டு முன்னறையில் இரண்டு மெஷின் போட்டுத் தையல் கடை வைத்திருந்தாள். இவள் பெட்டி கட்டிக்கொண்டிருந்த அன்று, ஜாக்கெட் வாங்க வந்தவளிடம், உள்ளே கேட்கட்டும் என்றே சொன்னாள்: "பெத்த பொண்ண இங்க விட்டுட்டு, யார் பெத்த பிள்ளைக்கோ பாடம் எடுக்கப் போறாளாம்."

அந்த வார்த்தை பெட்டியில் மடித்து வைத்த துணியோடு கூடவே வந்தது.

போன இடத்தில் தினமும் மழை தூறிக்கொண்டிருந்தது. மூன்று மாடிப் பள்ளி. வகுப்புக்கு வெளியே வரிசையாகக் கொக்கிகள், அவற்றில் ஈரக் கோட்டுகள், கீழே குட்டி பூட்ஸுகள். உள்ளே பசையும் நனைந்த காலுறையும் கலந்த ஒரு வாசனை. ஏழு வயதுப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேர். அவள் பெயர் அவர்கள் வாயில் நுழையாமல் சிக்கிக்கொண்டது. எந்நேரமும் கையில் குடையோடு திரிந்ததால் மூன்றாம் நாளே 'குடை மிஸ்' ஆகிப் போனாள்.

வகுப்பு ஆசிரியைக்கு இருபத்தாறு வயது இருந்தால் அதிகம். கரும்பலகையின் உச்சியை எக்காமலே துடைக்கும் உயரம். இவள் மனசுக்குள் அவளுக்கு வைத்த பெயர் நெட்டை மிஸ். முதல் வாரம் முழுக்க இவளைப் பாடம் எடுக்கவிட்டு, நெட்டை ஒரு மூலையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தாள். வெள்ளிக்கிழமை அந்தக் குறிப்பைப் பிரித்தாள்.

"ஒரு விஷயம் சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே? நீங்க கேள்வி கேட்டீங்க, நாப்பத்தொண்ணு. அதுல முப்பதுக்குப் பதிலையும் நீங்களே சொல்லிட்டீங்க."

இவள் முகம் சுருங்கிப் போனது. தன்னைவிட எட்டு வயது சின்னவள், தன் வாயை எண்ணியிருக்கிறாள்! அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து யோசித்தால், நெட்டை சொன்னது பொய்யில்லை. கூரியர் கவுன்டரில் அப்படித்தான். வாடிக்கையாளர் வாயைத் திறப்பதற்குள், "எந்த ஊருக்கு, நாளைக்கே போகணுமா, சரி, கையெழுத்துப் போடுங்க" என்று முடித்து அனுப்பிப் பழகிய வாய்.

திங்கட்கிழமை முதல் கேள்வி கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். மனசுக்குள் ஏழு வரை எண்ணினாள். ஏழு என்பது எவ்வளவு நீளம் என்று வகுப்பறையில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஐந்தாவது எண்ணிக்கையில் யாராவது ஒரு வாண்டு கை தூக்கும். தூக்காத பிள்ளைகளின் முகமும் அப்போதுதான் கண்ணில் பட்டது.

அப்படிக் கண்ணில் பட்டவன்தான் பொக்கை. முன்பல் இரண்டும் விழுந்து, சிரித்தால் ஜன்னல் திறந்த மாதிரி இருப்பான். வகுப்பிலேயே நன்றாகப் படிக்கிறவன் என்று பெயர். ஒருநாள் அவளிடம் கதைப் புத்தகம் படித்துக் காட்டினான். நடுவில் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிட்டான். ஆனாலும் கதை தடங்கவில்லை. புரட்டாமல் விட்ட பக்கத்தில் இருந்தது அத்தனையும், அட்சரம் பிசகாமல் அவன் வாயிலிருந்து வந்தது.

அடுத்த பக்கத்தில் இருந்த வாத்துப் படத்தை உள்ளங்கையால் மூடினாள். பொக்கை நின்றுபோனான். கீழே இருந்த ஒரு சொல்லைத் தொட்டு, "இது?" என்று கேட்டுவிட்டு ஏழு வரை எண்ணினாள். அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"குடை மிஸ், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

நெட்டை மிஸ்ஸிடம் மட்டும் சொன்னாள். அவள் அங்கிருந்த பிள்ளைகளின் சின்ன நாற்காலியிலேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள். "ரெண்டு மாசமா என் பக்கத்துலயே உக்காந்து படிக்கறான். நான் கவனிக்கவே இல்லையே" என்றாள். அதன்பிறகு தினமும் காலையில் இருபது நிமிஷம் பொக்கை இவளிடம் வந்தான்.

மதிய இடைவேளையில்தான் வீட்டுக்குப் பேசுவாள். அங்கே அப்போது சாயங்காலம் நாலு மணி. சிட்டு பள்ளியிலிருந்து வந்திருப்பாள். வண்ணக் காகிதக் கட்டுகள் அடுக்கிய சின்ன அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, செல்போனைப் பசை டப்பாவில் சாய்த்து வைத்துப் பேசுவாள். புதன்கிழமை சிட்டு பாடம் படித்துக் காட்டும் நாள். கடகடவென்று படிப்பாள். கேட்கக் கேட்க இவளுக்கு மார்பு விம்மும்.

பொக்கையின் விஷயம் தெரிந்த வாரத்துப் புதன்கிழமை, அவள் சிட்டுவின் குரலை விட்டுவிட்டு விரலைப் பார்த்தாள். விரல் ஒரு வரியில் இருந்தது, வாய் அதற்கு அடுத்த வரியில் இருந்தது.

"சிட்டு, அந்த மூணாவது வரிய மட்டும் படி, பாக்கலாம்."

சிட்டு முதல் வரியிலிருந்து தொடங்கினாள்.

"அது இல்லடா. மூணாவது."

"முதல்லேர்ந்து சொன்னாத்தாம்மா வரும்."

பக்கத்தில் இருந்த கணவர் சிரித்தார். "சின்னப் பிள்ளைய ஏன் படுத்தற? புக்கே அவளுக்கு அத்துப்படி."

"அதுதாங்க பிரச்சனையே. அவளுக்குப் படிக்கத் தெரியல. மனப்பாடமா ஒப்பிக்கறா."

சிட்டுவின் உதடு பிதுங்கியது. போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள் போலிருக்கிறது, திரை இருட்டாகிவிட்டது. இருட்டுக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "நீ வந்து சொல்லிக் குடும்மா."

மதியம் எப்படிப் பாடம் எடுத்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. பள்ளி விட்டதும் நெட்டை மிஸ்ஸிடம் போய் நின்றாள். "நான் ஊருக்குப் போகணும். இன்னும் பத்து வாரம் என்னால முடியாது."

விஷயத்தை முழுக்கக் கேட்டாள் நெட்டை. உபதேசம் எதுவும் செய்யவில்லை. "டிக்கெட் மாத்தணும்னா ஆபீஸ்ல நான் பேசறேன்" என்றாள். பிறகு, "வீட்ல வேற யார் இருக்காங்க?"

"அவர். அப்புறம் நாத்தனார்."

"அவங்களுக்குப் படிக்கத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் என்ன?"

அவளிடம் இருந்த பதிலை வாய்விட்டுச் சொல்ல முடியாது. நான் சொல்லிக் கொடுக்க வேண்டும், அது நானாக இருக்க வேண்டும் என்பதுதான் அந்தப் பதில். மூன்று மாடி இறங்கி, விடுதி வரை நடந்து, ஈரக் கோட்டைக்கூடக் கழற்றாமல் யோசித்தாள். அவள் ஆசைப்படுவது பிள்ளை படிக்க வேண்டும் என்பதற்கா, பிள்ளை படிக்கும்போது தான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்கா? இரண்டையும் பிரித்துப் பார்க்க மனசு ஒப்பவில்லை.

மறுநாள் மதியம் நாத்தனாரைக் கூப்பிட்டாள்.

"அண்ணி, ஒரு உதவி. சிட்டுவுக்கு நீங்கதான் எழுத்துச் சொல்லித் தரணும்."

அந்தப் பக்கம் மெஷின் நின்றது. "நானா? பத்தாவதுல தமிழ்ல நான் முப்பத்தஞ்சு மார்க்கும்மா. அதுலயும் ரெண்டு மார்க் வாத்தியார் பாவம் பாத்துப் போட்டது."

"பரவால்ல அண்ணி. தினமும் பதினஞ்சு நிமிஷம். நான் சொல்றபடி செய்யுங்க. திட்டாதீங்க. படத்த மூடிடுங்க. கேட்டுட்டு, மனசுல ஏழு எண்ணுங்க."

"ஏழா? நான் இதுவரைக்கும் யாருக்கும் மூணு கூட எண்ணினது இல்லையே" என்றாள் நாத்தனார். ஆனால் மாட்டேன் என்று சொல்லவில்லை.

அப்படி ஆரம்பித்தது. காலையில் பொக்கையோடு செய்ததை மதியம் நாத்தனாரிடம் சொல்வாள். எழுத்து வேறு, மொழி வேறு. ஆனாலும் பிள்ளைகள் திணறுகிற இடம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. நாத்தனார் சொன்னதைச் செய்தாள், சொல்லாததையும் செய்தாள். வெட்டி மிஞ்சிய துணித் துண்டுகளில் தையல் சாக்கட்டியால் எழுத்து எழுதினாள். மெய்யெழுத்து சிட்டுவுக்குப் பிடிபடவே இல்லை என்றதும், புள்ளி வைக்கும் இடத்தில் நிஜமாகவே ஒரு பட்டனைத் தைத்துவிட்டாள்.

"பட்டன் போட்டா எழுத்து வாய மூடிக்கும்னு சொன்னேன். உடனே புரிஞ்சிடுச்சு அவளுக்கு. க-வுக்குப் பட்டன் போட்டா க். தப்பா?"

"தப்பே இல்ல அண்ணி" என்றாள் இவள். இரண்டு வருஷம் கல்லூரியில் படித்தும் தனக்கு இது தோன்றவில்லையே என்று சிரிப்பு வந்தது. போனை வைத்த பிறகு அந்தக் காகித அறையில் அவளுக்கு அழுகை வந்தது. அந்தப் பட்டனைத் தைத்த விரல் தன் விரலாக இல்லையே என்ற அழுகை.

பொக்கை ஒன்பதாவது வாரம் படித்தான். புத்தகத்தில் இல்லை, விளையாட்டு மைதானத்துக்குப் போகும் கதவில் ஒட்டியிருந்த 'இழு' என்ற சொல்லை. எல்லாரும் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவன் மட்டும் நின்று, உதட்டை அசைத்து, பிடித்து இழுத்தான். கதவு திறந்தது. திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தான். புதுப் பல் அரிசி மாதிரி முளைத்திருந்தது. அவள் ஓடிப்போய் அவனைத் தூக்கிக்கொண்டாள். அன்று சாயங்காலம் அவனைக் கூட்டிப்போக வந்த அப்பாவிடம், கதவின் முன் அவன் எப்படி நின்றான் என்று நடித்தே காட்டினாள்.

சிட்டு எப்போது படித்தாள் என்பது அவளுக்குச் சாதாரணமாக, போகிற போக்கில்தான் தெரிய வந்தது. பன்னிரண்டாவது ஞாயிறு கழிந்த திங்கட்கிழமை, பேச்சுவாக்கில் நாத்தனார் சொன்னாள்: "நேத்து நம்ம கடை போர்டப் படிச்சிட்டா."

"நேத்தா? ஏன் அண்ணி எனக்குச் சொல்லல?"

"நாள் பூரா கரண்டு இல்லம்மா, போன்ல உசுரே இல்ல. லைன்மேன் வீடுன்னு பேருதான்."

அவளுக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. அது நாத்தனாருக்கும் புரிந்திருக்க வேண்டும். குரல் இறங்கியது.

"இரு, சொல்றேன். நான் பட்டனுக்குக் காஜா எடுத்துட்டு இருந்தேன். இவ வாசப்படியில உக்காந்து, தலைய அண்ணாந்து பாத்துட்டு இருந்தா. நான் ஏதோ பல்லிய பாக்கறான்னு நெனச்சேன். கொஞ்ச நேரத்துல, அ... ள... வுன்னா. நான் திரும்பவே இல்ல. திரும்பினா நிறுத்திடுவாளோன்னு பயம். ச... ட் சட்... டைன்னா. அப்புறம் 'கொண்டு'ல மாட்டிக்கிட்டா. நான் எண்ணினேன்மா, ஏழு இல்ல, எழுபது எண்ணிட்டேன். அவளே வெளிய வந்துட்டா. 'அளவு சட்டை கொண்டு வரவும்.' முழுசா படிச்சிட்டு எங்கிட்ட வந்து கேக்கறா, 'அத்தை, இத்தன நாளா இதையா எழுதி வெச்சிருக்கீங்க?'ன்னு. ஏமாந்து போயிட்டா பாவம். பெருசா ஏதோ எழுதியிருக்கும்னு நெனச்சிருக்கா."

"என்ன சட்டை போட்டிருந்தா?"

"மஞ்சள் கவுன். பாக்கெட்டு கிழிஞ்சது."

"அழுதாளா?"

"அவ எங்க அழுதா. நான்தான்" என்றாள் நாத்தனார். மூக்கை உறிஞ்சினாள். "நீ பாத்திருக்கணும்மா. எனக்கு அது மனசே ஆறல. உன் பங்க நான் எடுத்துக்கிட்ட மாதிரி இருக்கு."

பெட்டியோடு கூட வந்த அந்த வார்த்தை அன்றைக்கு அவளைவிட்டுப் போனது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை போகவில்லை. அதற்குப் பிறகு வாசற்படி, மஞ்சள் கவுன், அண்ணாந்த கழுத்து என்று கண்ணை மூடினால் அது மட்டும்தான். பார்க்காத ஒன்றை அவ்வளவு தெளிவாக அவள் வேறெப்போதும் பார்த்ததில்லை.

பயிற்சி முடிந்தது. நெட்டை மிஸ் அறிக்கையில் நல்லபடியாகவே எழுதியிருந்தாள். பேருந்து நிறுத்தம் வரை வந்து கட்டிப்பிடித்து வழியனுப்பினாள். பொக்கை, தானே எழுத்துக் கூட்டி எழுதிய ஒரு கடிதம் கொடுத்தான். அதில் மூன்று பிழை இருந்தது. திருத்த அவளுக்கு மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து இறங்கியபோது சிட்டு ஒரு அங்குலம் வளர்ந்திருந்தாள். பெட்டியில் அம்மா தமிழில் எழுதி ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டையே எழுத்துக் கூட்டிப் பார்த்தாள். இரண்டு நாளைக்கு எதற்கெடுத்தாலும் அத்தையிடமே ஓடினாள். மூன்றாம் நாள் அம்மாவின் மடியில் ஏறி உட்கார்ந்து, "உனக்கு இத படிச்சுக் காட்டவா?" என்று கேட்டாள். அவள் படித்த பாணியில் நாத்தனாரின் இழுவை அப்படியே இருந்தது. கேட்டுக்கொண்டிருந்தவளுக்குப் பெருமையாகவும் இருந்தது, உள்ளே எங்கோ வலிக்கவும் செய்தது. இரண்டையும் வெளியே காட்டாமல், அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

இப்போது அவள் ஒரு பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுக்கிறாள். அங்கே அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பிள்ளை முதன்முதலாகத் தானாக ஒரு சொல்லைப் படித்தாலும், அன்றைக்கே ஒரு காகிதத்தில் எழுதிவிடுவாள். என்ன சொல், பிள்ளை எங்கே உட்கார்ந்திருந்தது, எந்த எழுத்தில் மாட்டிக்கொண்டது, படித்து முடித்ததும் முகம் எப்படி இருந்தது, எல்லாமே. மணி அடித்ததும் வாசலில் நின்று அம்மாவிடமோ அப்பாவிடமோ அதைக் கையில் கொடுப்பாள். மற்ற ஆசிரியைகள், "ஒவ்வொண்ணுக்கும் இப்படி எழுதிட்டு இருக்கீங்களே, கை வலிக்காதா?" என்று கேலி செய்வார்கள்.

போன வாரம், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் ஓர் அம்மா, வேலை உடுப்போடு ஓடிவந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனாள். காகிதத்தை நடந்துகொண்டே பிரித்தாள். கேட்டைத் தாண்டியவள், நடுரோடு என்றுகூடப் பாராமல் அப்படியே நின்றுவிட்டாள்.