விருத்தாசலம் சாரிடம் ஓர் இடம்

தென்னரசு எழுந்தான். பால் காய்ச்சினான். காபியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். சட்டையைத் தேய்த்து மாட்டிக்கொண்டு விழுப்புரத்தில் பஸ் ஏறினான். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. திண்டிவனத்தில் இறங்கினான்.

அங்கே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் சிவில் துறை உதவிப் பேராசிரியர் வேலை. இந்த ஆண்டுக்குள் பிஎச்.டி.யில் சேராதவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. எம்.இ.யில் முதல் வகுப்பு இருந்தது. நுழைவுத் தேர்விலும் தேறியிருந்தான். நெறியாளர்தான் அமையவில்லை. துறைத்தலைவர் விருத்தாசலம் எட்டுப் பேருக்குமேல் சேர்த்துக்கொள்ளக் கூடாது; எட்டும் நிரம்பியிருந்தது. ஐப்பசியில் ஓர் இடம் காலியானது. டெங்குவில் இறந்துபோன கலைமதியின் இடம். கலைமதி தென்னரசுவின் மனைவி.

இன்று நேர்முகத் தேர்வு. விருத்தாசலம் அவன் தோளைப் பிடித்து ஓரங்கட்டினார்.

“உன் தலைப்ப வுட்டுடு தம்பி. மல்லாட்டைத் தோல் சாம்பல் கலந்த கான்கிரீட்டுன்னு அவ தலைப்பையே சொல்லு. அவ வார்த்த கட்டைங்க லேப் தொட்டியில ஊறிக்கினுதான் கெடக்கு. ஒடச்சு பலம் பாத்தா ஒரு பேப்பர் ரெடி.”

“சரிங்க சார்.”

“வெளியேர்ந்து ஒரு மேடம் வந்திருக்காங்க. பேஜாரு புடிச்ச ஆளு. ஆனா மனசு எளகும். நீ இத முடிக்கணும்னு கேட்டுக்கினுதான் உன் சம்சாரம் கண்ண மூடுச்சுன்னு சொல்லிவெச்சிருக்கேன். நீ தலைய ஆட்டு, போதும்.”

மேடம் வேர்க்கடலைத் தோல் சாம்பலைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டார். தென்னரசு தடங்கலில்லாமல் சொன்னான். தினமும் பஸ்ஸில் கலைமதி ஒப்பித்ததெல்லாம் காதில் தங்கியிருந்தது. மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

“இத முடிக்கச் சொன்னதுதான் உங்க மனைவியோட கடைசி வார்த்தையாமே?”

மேசைக்கு அந்தப் பக்கம் விருத்தாசலம் தன் தலையையே ஆட்டிக் காட்டினார். தென்னரசுவுக்குத் தலை ஆடவில்லை.

“இல்லீங்க மேடம்.”

“அப்ப ஏன் அவங்க தலைப்பு?”

“சார்கிட்ட வேற இடம் இல்லீங்க.”

மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “சொந்தமா ஒரு தலைப்பு யோசிச்சு அடுத்த வருஷம் வாங்க.”

விருத்தாசலம் வெளியே வந்து அவனைப் பிடித்துக்கொண்டார்.

“வேலைக்கே உல வெச்சிக்கினியேப்பா. ஒரு தலையாட்டல். அதுல என்னா கொறஞ்சிடுவ நீ?”

“ஒண்ணும் இல்லீங்க சார்.”

“அப்பிடி என்னாதான்யா சொன்னா அவ கடைசியா?”

தென்னரசு சொன்னான்.

“அந்த சார்ஜர் பக்கத்து பெட் அம்மாவோடது. மறக்காம குடுத்துடுங்க.”