வெள்ளைச் சாலைக்குத் தார் போட்ட ஊர்

1

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை. வழி தவறிய ஒரு சைக்கிள்காரர் எங்கள் ஊரில் ஆர்ஜியா நடத்தும் காப்பிக்கடை வாசலில் வந்து நின்று, "வெள்ளைச் சாலை எங்கே இருக்கு?" என்று கேட்டார். உள்ளே இருந்த எல்லோரும் தெல்ஃபோவைத் திரும்பிப் பார்த்தார்கள். தெல்ஃபோ தன் கோப்பைக்குள் பார்த்தான். கதை அங்கேதான் கிடைத்தது.

ஊரில் எனக்குப் புளுகன் என்று பெயர். ஆகவே இதில் நம்ப முடியாதபடி வருவதெல்லாம் நடந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள். நம்பும்படியாக ஏதாவது வந்தால் சந்தேகப்படுங்கள்.

முதலில் இப்படித்தான் தொடங்கினேன்:

அக்டோபர் மாதத்துப் பொன்னிறக் காலையில், சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறும் அந்தச் சாலை...

(அடித்துவிட்டேன். இது நாட்காட்டி அச்சடிக்கிறவன் எழுதவேண்டிய வரி. எங்கள் சாலையில் சைப்ரஸ் கிடையாது. இருந்த ஒன்றும் ஒரு குளிர்காலத்தில் பாதிரியார் வீட்டு அடுப்புக்குப் போய்விட்டது.)

2

எங்கள் மலையின் செங்குத்தைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். இங்கே கோழி முட்டையிட்டால் அது உருண்டு அடிவாரத்து ஊருக்குப் போய்விடும். அடிவாரத்தார் தலைமுறை தலைமுறையாகக் கோழி வளர்த்ததில்லை. ஆனால் அவர்கள் போடும் முட்டை அடைக்கு இந்த வட்டாரத்திலேயே நல்ல பெயர். சாலை சுண்ணாம்புக் கல்லும் மண்ணுமாக வெள்ளையாக இருந்தவரை முட்டைகள் வழியில் கொஞ்சம் தயங்கும். கால் தெம்புள்ளவன் ஓடிப் பிடித்துவிடலாம்.

புழுதியும் அப்படித்தான். கோடையில் ஒரு கார் ஏறினால், அது யார் கார் என்று மறுநாள்தான் தெரியும். சட்டை கொடியில் காயும்போதே மறுபடி அழுக்காகும்.

அந்தப் புழுதிக்காகவே ஆண்டுக்கொரு முறை ஆட்கள் வந்தார்கள். இலையுதிர்காலத்தில் பழைய சைக்கிள் ஓட்டம். இரும்புச் சைக்கிள், கம்பளிச் சட்டை, தோளில் குறுக்காக மாட்டிய உதிரி டயர். மிலானோ நகரத்திலிருந்து வக்கீல்கள் வருவார்கள். எங்கள் மூன்றாவது வளைவில் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, அம்மாவைக் கூப்பிட்டு அழுவார்கள். மேலே வந்து ஆர்ஜியாவின் ரொட்டிச் சூப்பைக் குடித்துவிட்டு, வாழ்க்கையிலேயே இதுதான் மிகச் சிறந்த நாள் என்பார்கள். ஆர்ஜியாவுக்கு அது உண்மையிலேயே அப்படித்தான். அந்த ஒரு நாள் வியாபாரத்தில்தான் கடை மற்ற நாட்களைத் தாண்டியது.

3

இலியானோ தெல்ஃபோவின் தம்பி. தொழில்முறைப் பந்தயக்காரன். உடனே கோப்பை, பூமாலை என்று கற்பனை செய்யாதீர்கள். அவன் தண்ணீர் சுமக்கிறவன். அணிக்கு ஒரு தலைவன் இருப்பான். மற்றவர்கள் அவனுக்கு முன்னால் காற்றை வாங்கிக்கொண்டு ஓட்டுவார்கள், அவனுக்குக் குப்பியில் தண்ணீர் கொண்டுவருவார்கள், அவன் சக்கரம் பஞ்சரானால் தங்கள் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்பார்கள். இலியானோ நன்றாக நிற்பான்.

பெரிய பந்தயம் வருகிறதென்றால் முந்தின நாளே சாலையில் வெள்ளைப் பெயின்ட்டால் பெயர் எழுதுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஒரு வருடம் பந்தயம் அடிவாரத்துத் தார்ச்சாலை வழியாக வந்தது. எங்கள் ஊரே வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கி, அணித்தலைவன் பெயரை எழுதியது. ஜெயிக்கிறவன் பெயரைத்தானே எழுதுவார்கள்? தூரிகை பிடித்தவன் தெல்ஃபோ. அவனுக்குத்தான் கையெழுத்து அழகு.

இலியானோ அந்தப் பெயர்மேல் ஏறிப் போனான். பந்தயம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது சொன்னானாம்:

"எழுத்து நல்லா இருந்துச்சுண்ணே. சக்கரம்தான் கொஞ்சம் வழுக்குச்சு."

அடுத்த அறுவடையில் திராட்சைத் தோட்டத்துச் சரிவில் டிராக்டர் கவிழ்ந்து அவன் செத்தான்.

(இந்த இடத்தில் எனக்குத் தெல்ஃபோவின் மேல் சந்தேகம். அவன் பின்னால் செய்ததெல்லாம் தம்பிமேல் இருந்த பாசமா, அல்லது அந்த ஒரு வாக்கியம் காதிலிருந்து போகவில்லையா? இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் அவன் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறான்.)

தெல்ஃபோவுக்கு ஒரே ஒரு ஆசை. ஓட்டக்காரர்கள் எங்கள் மலை ஏறும்போது அவர்கள் சக்கரத்துக்கு முன்னால் தம்பியின் பெயர் கிடக்க வேண்டும். ஆனால் புழுதியில் பெயர் எழுத முடியாது. ஆகவே சாலைக்குத் தார் போட வேண்டும் என்று வீடு வீடாக ஏறி இறங்கினான். காரணத்தைச் சொல்லவில்லை. கொடியில் காயும் சட்டைகளைப் பற்றிப் பேசினான், இருமலைப் பற்றிப் பேசினான். அவன் முடி நரைக்கும்வரை பேசினான். ஊரே ஒத்துக்கொண்டது. முட்டைகளைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

தார் வந்தது. காய்ந்த அன்றே மூன்றாவது வளைவில், ஆள் உயர எழுத்துகளில், ஏறி வருகிறவன் படிக்கும்படி எழுதினான்:

இ   லி   யா   னோ

4

ஓட்டத்தை நடத்துகிறவர் தடம் பார்க்க வந்தார். சாலையைக் கண்டதும் காரிலிருந்து இறங்கி, செத்த பாம்பைத் தொட்டுப் பார்ப்பதுபோலக் காலணி நுனியால் தாரைத் தொட்டார். மேயர் பெருமையாக, புதுசு என்றார். வந்தவரோ, தார் எங்கள் ஊரிலும் இருக்கிறது, அதற்காக யாரும் சைக்கிள் எடுத்துக்கொண்டு இவ்வளவு தூரம் வரமாட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தடத்தை எதிர்மலைக்கு மாற்றினார்கள். எதிர்மலைக்காரர்கள் தார் கேட்டு மனுப் போடக்கூடச் சோம்பல்பட்டவர்கள். அவர்கள் சோம்பலுக்குப் பரிசு கிடைத்தது.

ஓட்டத்தன்று நாங்கள் மதிலோரம் நின்று, எதிர்மலையில் புழுதி ஏறுவதைப் பார்த்தோம். பழக்கதோஷத்தில் ஆர்ஜியா அண்டா நிறையச் சூப் வைத்திருந்தாள். தெல்ஃபோ மட்டும் மூன்றாவது வளைவில், பெயருக்குப் பக்கத்தில், நல்ல கோட்டுப் போட்டு நின்றான். சாயங்காலம் ஏறி வந்தவனை ஆர்ஜியா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"சட்டையெல்லாம் வெள்ளையா இருக்கா, தெல்ஃபோ?"

அவன் கோட்டைக் கழற்றினான்.

"போ, போய் உன் தம்பியக் கூட்டிட்டு வா. இந்தச் சூப்ப யாராச்சும் குடிக்கணும்ல."

(இதை நீக்கச் சொல்லி ஆர்ஜியாவே என்னிடம் கேட்டாள். நீக்கவில்லை. அவளுக்கு ஓர் ஆண்டு வியாபாரம் போயிற்று. அதற்கும் யாராவது ஒருவனைக் கடித்துத்தானே ஆகவேண்டும்?)

5

குளிர்காலத்தில் ஊர்க்கூட்டம். தாரைப் பெயர்த்துவிட்டால் ஓட்டம் திரும்ப வரும் என்று அதை நடத்துகிறவர்கள் தொலைபேசியில் சொல்லியிருந்தார்கள். எல்லாக் கைகளும் உயர்ந்தன. அந்த வளைவில் மட்டும், பெயரின் நீளத்துக்கு மட்டும் விட்டுவையுங்கள் என்று தெல்ஃபோ கேட்டான். மேயர் கெட்டவரல்ல, தொலைபேசியில் கேட்டுப் பார்த்தார். முழுக்க வெள்ளையாக இருக்க வேண்டும் என்றார்கள்.

"பேரு இருந்தா ஆளு வரமாட்டான், தெல்ஃபோ. ஆளு வந்தா பேரு இருக்காது. நான் என்னய்யா பண்ணட்டும்?"

தார் பெயர்க்கும் இயந்திரம் வருவதற்கு முந்தின நாள்தான் அந்தச் சைக்கிள்காரர் வந்தார். ஓட்டம் இல்லாத காலத்திலும் தடத்தைத் தனியாகச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் உண்டு. மலைமுகட்டு வழியாக எங்கள் ஊருக்குள் வந்துவிட்டார். அவர் போகவேண்டியது எதிர்மலைக்கு. முகட்டு வழியே திரும்பிப் போவதுதான் சரியான பாதை. எங்கள் சரிவில் இறங்கினாலும் போகலாம், சுற்று.

இனி எனக்கு இரண்டு முடிவுகள் இருந்தன.

முதலாவது: தெல்ஃபோ பொய் சொல்கிறான். சைக்கிள்காரர் சரிவில் இறங்குகிறார். மேலிருந்து வருகிறவருக்குப் பெயர் தலைகீழாக இருக்கும். பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடி, உயிர்பயத்தில், அவர்...

(நிறுத்திவிட்டேன். தலைகீழாகப் படிக்கவா ஒரு மனிதன் முடி நரைக்கப் பாடுபட்டான்?)

இரண்டாவது: தெல்ஃபோ அவரை அடிவாரம்வரை கூட்டிப்போய், அங்கிருந்து ஏறி வரும்படி...

(இது நம்பும்படியாக இருக்கிறது. ஆகவே விட்டுவிட்டேன்.)

நடந்ததோ இது. தெல்ஃபோ கோப்பையிலிருந்து கண்ணை எடுத்து, "முகட்டு மேலயே திரும்பிப் போங்க. இந்தப் பக்கம் தாரு," என்றான்.

"நல்லவேளை, கேட்டேன்," என்று சிரித்துவிட்டு அவர் போய்விட்டார்.

ஆர்ஜியா வந்து தெல்ஃபோவின் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். அவன் இன்னும் குடித்து முடித்திருக்கவில்லை.

6

தாரைப் பெயர்த்தாயிற்று. முட்டைகள் மறுபடி தயங்கித் தயங்கி உருளுகின்றன. வரும் இலையுதிர்காலத்தில் வக்கீல்கள் வந்து அழுவார்கள். ஆர்ஜியா புது அண்டா வாங்கியிருக்கிறாள். கதையை இங்கே முடிக்கலாம், ஊர் முடித்துக்கொண்டது.

எனக்கு ஒரு காரியம் பாக்கி இருக்கிறது. மூன்றாம் பகுதியின் கடைசியில், ஒரு வரியின் குறுக்கே, அகல அகலமாக நாலு எழுத்துகள் கிடந்தன. உங்கள் கண் அதன்மேல் ஏறித்தான் இந்தப் பக்கம் வந்திருக்கிறது. வேறு பாதை நான் வைக்கவில்லை. எழுத்தும் நேராகத்தான் கிடந்தது, அதைப் பார்த்துக்கொண்டேன்.

ஆகவே தெல்ஃபோவிடம் போய், தூர தேசத்து ஆள் ஒருத்தர் உன் தம்பி பேரைத் தாண்டிப் போனார் என்று சொல்லப்போகிறேன். நம்பமாட்டான். சொல்கிறவன் புளுகன். ஆனாலும் கொஞ்ச நேரம் கழித்து, என் முகத்தைப் பார்க்காமல், ஒன்றே ஒன்று கேட்பான்:

"அந்த எடத்துல வேகத்தக் கொறைச்சாரா?"

இதற்கு மட்டும் நான் புளுகப்போவதில்லை. நீங்களே சொல்லுங்கள்.