தெருவில் போனவர்கள் கணக்கு

அந்தப் பெண் மடக்கு நாற்காலியை விரித்துப் போட்ட இடம் என் கடைக்கு நேர் எதிரே, பூட்டிக் கிடக்கும் ஃபோட்டோக் கடையின் படி ஓரம். கழுத்தில் அடையாள அட்டை, மடியில் காகிதம் செருகிய அட்டை, வலது கையில் உருண்டையாக ஒரு சின்னக் கருவி. கட்டைவிரலால் அமுக்கினால் டிக் என்றது. நான் கடைக்குள் உட்கார்ந்து அரை அங்குலக் குழாய்க்கான ரப்பர் வாஷர்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். தெருவில் புதிதாக யார் வந்து உட்கார்ந்தாலும் எனக்கு ஆகாது. வந்து உட்காருகிறவன் எழுந்து போகும்போது எதையாவது எடுத்துக்கொண்டுதான் போவான். அறுபத்தெட்டு வயதில் உருப்படியாக நான் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். இருந்திருந்தாலும் அவர்கள் இதைச் சொல்லிக்கொடுத்திருக்கப் போவதில்லை.

எழுந்து போய்க் கேட்டேன். "என்னம்மா விக்கிறே?"

"எதுவும் விக்கலை சார். நகராட்சியிலேர்ந்து வந்திருக்கேன். இந்தத் தெருவுல எத்தனை பேர் நடந்து போறாங்கன்னு எண்ணணும். நாளைக்குக் காலைல ஏழு மணிலேர்ந்து சாயங்காலம் ஏழு வரைக்கும். இன்னைக்கு உட்கார இடம் பார்க்க வந்தேன்."

"எண்ணி?"

"எண்ணிக் குடுத்துடுவேன். அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

அதுக்கு மேல தெரியாது என்று சொல்கிறவர்களைத்தான் எப்போதும் முன்னால் அனுப்புகிறார்கள்.

தெருக்கோடியில் ஒரு பழைய ஐஸ் ஃபேக்டரி. மூடிப் பத்து வருஷம் ஆகிறது. அதை யாரோ வாங்கிவிட்டார்கள், நாலு மாடிக்குப் பெரிய கடை கட்டப் போகிறார்கள், உள்ளே நுழைந்தால் ஊசியிலிருந்து குளிர்பெட்டி வரைக்கும் வாங்கிக்கொண்டு வெளியே வரலாம் என்று ஆறு மாதமாகப் பேச்சு. அந்தப் பேச்சையும் இந்தப் பெண்ணின் டிக் சத்தத்தையும் நான் சேர்த்துப் பார்த்தேன். யாருக்குத்தான் தோன்றாது? கடை போடுகிறவன் முதலில் ஆள் நடமாட்டம் இருக்கிறதா என்றுதானே பார்ப்பான். நான் முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் இந்தக் கடையைப் பிடித்தபோது இரண்டு நாள் எதிரே நின்று பார்த்துவிட்டுத்தான் முன்பணம் கொடுத்தேன். கூட்டம் இருந்தால் வருவான். ஈ ஓட்டுகிற தெருவாக இருந்தால் பேசாமல் வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விடுவான்.

அன்று சாயங்காலமே சலவைக் கடையில் கூடினோம். சலவைக் கடைக்காரனுக்குச் சூடு என்று பேர் வைத்தது நான்தான். அவன் இஸ்திரிப் பெட்டியும் அப்படி, வாயும் அப்படி. மருந்துக் கடைக்காரரை எல்லோரும் டாக்டர் என்போம். அவர் படித்தது வேறு என்னவோ, ஆனால் கூப்பிட்டால் திரும்புவார். என்னை வாஷர் என்பார்கள். எந்தக் குழாய் ஒழுகினாலும் வாஷரைத்தான் மாத்தணும் என்று நான் சொல்வேனாம்.

"நாளைக்கு ஒரு நாள் தெருவைக் காலி பண்ணணும்," என்றேன்.

"தெரு என்ன உங்க கடை டப்பாவா, கவுத்துக் காலி பண்ண?" என்றான் சூடு.

"பின்னாடி சந்து இருக்குல்ல. எல்லாரையும் அந்தப் பக்கமா வரச் சொல்லுவோம். டாக்டர், உங்க கடைக்குப் பின்வாசல் இருக்கு, அதைத் தெறந்து வைங்க. மாடியில டியூஷன் எடுக்கிற டீச்சர்கிட்ட நான் பேசறேன். பிள்ளைங்களும் சந்து வழியா வரட்டும்."

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் யோசிக்கிறார் என்றால் அதைத்தான் செய்வார். "வாஷர் சொல்றதுல ஒரு நியாயம் இருக்கு," என்றார். படித்தவர் ஒருத்தர் அப்படிச் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் எங்கள் தெரு வாழ்நாளில் இல்லாத ஒழுங்கோடு இருந்தது. காய்கறி வண்டிக்காரன் சந்தில் நின்றான். டீச்சரின் அறுபது பிள்ளைகளும் காலையிலும் மாலையிலும் சந்து வழியாக வந்து சந்து வழியாகவே போனார்கள். நான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, உள்ளே சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு டிக், பத்து நிமிஷத்துக்கு ஒரு டிக். பகல் பதினொரு மணிக்கு மனசு கேட்காமல் அந்தப் பெண்ணுக்கு ஒரு டீ வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். வெயிலில் உட்கார்ந்திருக்கிறாளே என்று கொஞ்சம், வேவு பார்க்கலாம் என்று மீதி.

"என்ன சார், உங்க தெரு இவ்வளவு அமைதியா இருக்கு?"

"எப்பவும் இப்படித்தாம்மா," என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டுக் காகிதத்தில் என்னமோ எழுதினாள். எழுதுகிறாளே என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வீட்டில் வந்து சொன்னபோது என் பெண்சாதி சிரிக்கவில்லை. "கடைக்கு ஆள் வேணும்னு முப்பது வருஷமா கத்திட்டு, வந்த ஆளையெல்லாம் சந்துல தொரத்தி விட்டுட்டு வந்திருக்கீங்க. நல்லா இருக்கு," என்றாள். பொம்பளைக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டு சாப்பிட்டேன். முன்யோசனை என்று நான் நினைத்த பலவற்றின்போதும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு சாப்பிட்டிருக்கிறேன்.

இரண்டு மாதம் கழித்து ஐஸ் ஃபேக்டரிச் சுவரில் மஞ்சள் காகிதம் ஒட்டினார்கள். நான் போய் எழுத்துக்கூட்டிப் படித்தேன். பெரிய கடை வருவது உறுதி. ஜனங்கள் முன்புறப் பெரிய சாலை வழியாக உள்ளே போவார்கள். சரக்கு லாரிகளுக்கான வாசல் எங்கள் தெருவில். ஒரு நாளைக்கு நாற்பது லாரி. லாரி திரும்ப வசதியாக, தெருவின் இரண்டு பக்கமும் எந்த வண்டியும் நிற்கக்கூடாது. ஆட்சேபம் உள்ளவர்கள் நகராட்சிக் கூடத்தில் இன்ன தேதியில் வந்து சொல்லலாம்.

நான் முதல் வரியிலிருந்து மறுபடி எழுத்துக்கூட்டினேன். பெரிய கடை வந்தால்கூடச் சமாளிப்பேன். ஒரே ஒரு வாஷர் வாங்க எவனும் நாலு மாடி ஏறமாட்டான். ஆனால் பத்தடிக் குழாயும் மூட்டைச் சிமெண்டும் வாங்குகிறவன் வண்டியை வாசலில் நிறுத்தாமல் எப்படி ஏற்றுவான்? தோளில் வைத்து ஊர்வலம் போவானா? வண்டி நிற்கக்கூடாது என்றால் என் கடை நிற்கக்கூடாது என்றுதான் அர்த்தம். வாடகைக் கடை. இந்த வயதில் இன்னொரு தெருவில் போய் நின்று நடமாட்டம் பார்க்க எனக்குக் காலில் பலமில்லை.

கூடத்தில் மின்விசிறிகள் சுற்றின, காற்று வரவில்லை. மேடையில் திட்ட அதிகாரி, என் மகன் வயது இருக்கும், சட்டைப் பையில் மூன்று பேனா. மூன்று பேனா வைத்திருப்பவன் ஒன்றிலும் உண்மையை எழுதமாட்டான் என்று சூடு காதில் சொன்னான். அதிகாரி படித்தார். விதிப்படி ஒரு நாளில் அறுநூறு பேருக்கு மேல் நடந்து போகிற தெருவில் சரக்கு வாசல் வைக்க முடியாது. இந்தத் தெருவில் முறைப்படி எண்ணியதில் நடந்து போனவர்கள் தொண்ணூற்று நாலு பேர். பிறகு காகிதத்தைத் திருப்பி இதையும் படித்தார்: "'எப்பவும் இப்படித்தாம்மா' என்று எதிர்க் கடைக்காரரும் உறுதி செய்தார்."

எங்கள் தெருக்காரர்கள் மொத்தப் பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அவரும்தான் நியாயம் இருக்கு என்று சொன்னார், ஆனால் அதை எந்தப் பெண்ணும் எழுதிக்கொள்ளவில்லை. நான் பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். அதிகாரிக்கு என் முகம் தெரியாது. ஆனால் பக்கத்தில் சூடு இருந்தான். அவன் துணி வாங்கிப் போகும் வண்டியும் தெருவில்தான் நிற்க வேண்டும். வழக்கமாக வாய் ஓயாதவன் அன்று ஒரு வார்த்தை என்னைத் திட்டவில்லை. அதுதான் என்னை எழுப்பிவிட்டது.

"அந்தக் கணக்கு தப்புங்க," என்றேன். மைக் கீச்சென்று கத்தியது.

"எப்படித் தப்புன்னு சொல்றீங்க பெரியவரே?"

"நான்தான் தப்பாக்கினேன். அன்னைக்கு எல்லாரையும் பின் சந்து வழியா போகச் சொன்னேன். கூட்டம் இல்லேன்னா கடை கட்ட மாட்டீங்கன்னு நினைச்சேன்."

கூடம் முழுக்கச் சிரிப்பு. அதிகாரி சிரிக்கவில்லை, அதற்காக அவரைக் கொஞ்சம் மதித்தேன். "நீங்க இப்ப சொல்றது உண்மைன்னா அன்னைக்குச் சொன்னது பொய். அன்னைக்குச் சொன்னது உண்மைன்னா இப்ப சொல்றது பொய். நான் எதை எழுதிக்கட்டும்?"

"ரெண்டையும் எழுதிக்கங்க. எழுதிட்டு இன்னொரு தடவை எண்ணுங்க."

"எண்ணினா எவ்வளவு வரும்னு நினைக்கிறீங்க?"

"ஆயிரம்," என்று கத்தினான் சூடு. "ஆயிரத்து ஐந்நூறு," என்றார் பின்னாலிருந்து யாரோ. நானும் ஆயிரம் என்றேன். முப்பத்தொரு வருஷம் அந்தத் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தவன், ஒரு நாள்கூட எண்ணியதில்லை என்பது வாயை மூடிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

இன்னொரு முறை எண்ண ஒப்புக்கொண்டார்கள். எந்த நாள் என்று சொல்லமாட்டோம் என்றார்கள். அதுவும் சரிதான். என்னை மாதிரி ஆளிடம் நானே சொல்லமாட்டேன்.

அவள் வந்தது ஏழு வாரம் கழித்து, ஒரு சாதாரண புதன்கிழமை. அதே மடக்கு நாற்காலி, அதே படி. நான் கிட்டப் போனதும் கையை உயர்த்தினாள். "இந்தத் தடவை டீ வேணாம் சார். நீங்க சொல்றதையும் எழுத மாட்டேன்." கோபமில்லாமல்தான் சொன்னாள். என்னால் அவள் மேலிடத்தில் திட்டு வாங்கியிருப்பாள்.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். ஒரே ஆள் பத்துத் தடவை போனா?"

"பத்து," என்றாள், தெருவைப் பார்த்தபடியே.

காலையில் டிக் டிக் என்று நன்றாகத்தான் ஆரம்பித்தது. எட்டு மணிக்கு டியூஷன் பிள்ளைகள் வர வேண்டிய நேரம். நான் வாசலில் நின்று பார்த்தேன். வரவில்லை. மாடியில் பிள்ளைகள் ஒப்பிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. படியேறிப் போய் டீச்சரைக் கேட்டேன்.

"நீங்கதானே சந்து வழியா வரச் சொன்னீங்க? அதிலேர்ந்து அப்படியேதான் வர்றாங்க. அங்க வண்டித் தொந்தரவே இல்லைன்னு பெத்தவங்களுக்கும் நிம்மதியா இருக்கு."

டாக்டர் கடைக்குப் போனேன். முன்வாசலில் ஆளே இல்லை. பின்வாசலில் ஏழெட்டுப் பேர் சீட்டோடு நின்றார்கள். சந்தில் நிழல் இருந்தது, வண்டி நிறுத்த இடம் இருந்தது. காய்கறி வண்டிக்காரன் அங்கேயே ஒரு குடை நட்டுவிட்டிருந்தான். யாரும் எனக்குத் துரோகம் செய்யவில்லை. ஒரே ஒரு நாள் நான் காட்டிய வழி அவர்களுக்குப் பிடித்துப்போய்விட்டது, அவ்வளவுதான். இத்தனை மாதமும் தெருவில் ஆள் குறைந்ததற்கு வெயில் என்றும், விலைவாசி என்றும், ஜனங்களுக்குப் புத்தி கெட்டுவிட்டது என்றும் நானே காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"எல்லாரையும் இந்தப் பக்கமா அனுப்புங்க டாக்டர்," என்றேன்.

"திரும்பவுமா வாஷர்? போன தடவை அனுப்பினதுக்கே பாதிப் பேர் இன்னும் என்னைக் கேலி பண்றாங்க," என்றார். வரிசையில் நின்ற அம்மாள் ஒருத்தி என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். இதற்கு மேல் கெஞ்ச எனக்கு முகமில்லை.

மூன்று மணிக்கு என் பெண்சாதி சாப்பாடு கொண்டு வந்தாள். அவள் கடந்தபோது ஒரு டிக். "இன்னைக்கு நானும் ஒரு ஆள்னு கணக்குல வந்துட்டேன்," என்றாள். நான் சாப்பிடவில்லை. அவள் எதிரே பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பாத்திரத்தை மூடிவைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள்.

நாலரைக்குச் சூடு வந்தான். துணி கொடுக்கப் போகிற சாக்கில் அந்தப் பெண்ணின் கருவியில் இருந்த எண்ணை எட்டிப் பார்த்திருக்கிறான். "முன்னூத்தி எண்பத்தேழுண்ணே," என்றான் மெதுவாக. "இன்னும் ரெண்டரை மணி நேரம் இருக்கு. நானும் நீங்களும் அண்ணியும் சுத்திச் சுத்தி நடந்தா என்ன? சட்டப்படி தப்பில்லையே. அவளே சொன்னாளாமே?"

நான் ஷட்டர் தூணில் சாய்ந்து நின்றேன். தெருவில் ஒரு நாய் போனது. அவள் எண்ணவில்லை. தபால்காரர் போனார். டிக். அறுநூறைத் தாண்ட இன்னும் இருநூற்றுப் பதின்மூன்று தடவை. முழங்கால் வலிக்கும், ஆனால் நடந்துவிடலாம். அந்தக் கூடத்தில் எழுந்து நின்றதைவிடவா கஷ்டம். அங்கே என் பொய்யை ஒப்புக்கொண்டுதான் இந்த நாளை வாங்கி வந்தேன்.

செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கித் தெருவைக் கடந்தேன். டிக். அவள் பக்கத்தில் போய் ஃபோட்டோக் கடைப் படியில் நின்று திரும்பினேன். இந்தப் பக்கமிருந்து என் கடையைப் பார்த்து எத்தனை வருஷமோ. போர்டில் பாதி எழுத்து வெளுத்திருந்தது. சுவரில் சாத்திய குழாய்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. நடுவில் ஸ்டூலில் என் பெண்சாதி, கையில் தண்ணீர்ச் சொம்போடு, நான் திரும்பி வருவேனா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் சூடு, நடக்கத் தயாராக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளுடைய கட்டைவிரல் மட்டும் அந்தப் பொத்தானின் மேல், அமுக்காமல், காத்துக்கொண்டிருந்தது.