சோதனைக்காரர்கள் இருக்கும்வரை

கட்டிலுக்கு மேலே, கையில் தேய்க்கும் கிருமிநாசினி மருந்து பாட்டிலை மாட்டுவதற்காக ஓர் ஆள் சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தான். கணவரின் போர்வையில் விழுந்த வெள்ளைத் தூசியை அவள் தட்டிவிட்டாள். நேற்றுவரை அது வெறும் சுவர்தான்.

"என்னம்மா திடீர்னு?" என்று மொழிபெயர்க்கும் பெண்ணிடம் கேட்டாள். இந்த நாட்டில் அவளோடு தமிழ் பேச அந்த ஒருத்திதான். வெளிநாட்டு நோயாளிகளுக்கென்று ஆஸ்பத்திரி அவளை வேலைக்கு வைத்திருந்தது.

"தரச்சான்றிதழ் புதுப்பிக்கணும்ல, சோதனை பண்ண வந்திருக்காங்கக்கா. சாயங்காலம் கிளம்பிடுவாங்க."

அந்தச் சான்றிதழை நம்பித்தானே வந்தார்கள்! சொந்த ஊரில் முட்டி ஆபரேஷன் செய்துகொண்ட அவள் அக்காவுக்குப் புண் சீழ் வைத்து, கடைசியில் காலையே எடுக்கும்படி ஆனது. "இவர் இடுப்புல இங்க கத்தி வைக்க விடமாட்டேன்" என்று அடம்பிடித்தவள் இவள்தான். ஆஸ்பத்திரி இணையதளத்தில் அந்தச் சான்றிதழின் தங்க முத்திரையைத் தேடித்தேடிப் பார்த்தாள். மாப்பிள்ளை பார்த்தபோது அவள் அப்பாகூட அவ்வளவு விசாரித்ததில்லை.

தாழ்வாரத்தில் கழுத்தில் அட்டை தொங்க இரண்டு பேர் குறிப்பெடுத்தபடி நடந்தார்கள். அவர்கள் கண்ணில் படும்படி நர்சுகள் கை கழுவினார்கள், கழுவியதையே மறுபடி கழுவினார்கள். பார்க்கப் பார்க்க அவளுக்குப் பயம் ஏறியது. விருந்தாளி வந்தால் மட்டும் கூட்டிப் பெருக்குகிற வீடா இது?

"இவர் ஆபரேஷன நாளைக்கு வேணாம், இன்னிக்கே பண்ணச் சொல்லேன். அவங்க இங்க இருக்கும்போதே."

அந்தப் பெண் சிரித்தாள். இவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். "டாக்டர்கிட்ட அப்படியெல்லாம் கேக்க முடியாதுக்கா."

"பரீட்சை அவங்களுக்கு, காய்ச்சல் உனக்கா?" என்றார் கணவர். ஆனால் அவர் விரல்கள் போர்வை ஓரத்தை முறுக்கிக்கொண்டே இருந்தன.

மறுநாள் காலை தாழ்வாரத்தில் அட்டைக்காரர்கள் இல்லை. துளை போட்ட ஆள் தள்ளுவண்டியோடு வந்தான். வண்டி நிறைய பாட்டில்கள். இந்த அறைப் பாட்டிலையும் கழற்றக் கை நீட்டினான். மாற்றி வைக்கவா, எடுத்துக்கொண்டு போகவா? கேட்டுச் சொல்ல மொழிபெயர்க்கும் பெண் இன்னும் வரவில்லை. அவள் எட்டிப் பாட்டிலைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அவன் ஏதோ சொன்னான், தோளைக் குலுக்கிவிட்டுப் போனான்.

சற்று நேரத்தில் ஆபரேஷனுக்குக் கூட்டிப்போக நர்ஸ் வந்து கட்டிலின் கம்பியைப் பிடித்து நகர்த்தினாள். இவள் வாசலை மறித்து நின்று நர்ஸின் கைக்கு நேரே பாட்டிலை நீட்டினாள்.

"வழிய விடும்மா," என்றார் கணவர், மெதுவாக.

அவள் விடவில்லை. பாட்டிலின் தலையை அழுத்தியபடியே நின்றாள். மருந்து தரையில் சொட்டியது. நர்ஸின் இரண்டு கைகளும் இன்னும் கம்பியிலேயே இருந்தன.