ஏழாயிரத்து ஐம்பதில் பூரணம்

உப்புவெளி ஊரில் பேச்சிழந்து படுத்திருந்த பூரணத்தின் குரல், ஏழு மாதங்களுக்குப் பிறகு, அவளுடைய கணவர் தானே பொருத்திய வானொலிப் பெட்டியில் ஏழாயிரத்து ஐம்பது கிலோ ஹேர்ட்ஸில் கேட்டது. அவள் பக்கத்துக் கட்டிலில்தான் கிடந்தாள். உதடு அசையவில்லை.

கணவர் கதிரவேல் துறைமுக இழுவைப் படகுகளில் மின்வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அமெச்சூர் வானொலி உரிமம் எடுத்து, பாகங்களாக வரும் பெட்டியொன்றுக்குத் தபாலில் சொல்லியிருந்தார். அது வருவதற்குள் பூரணம் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது பாரிசவாதத்தில் விழுந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் கண் திறந்தே இருந்தது, கூப்பிட்டால் திரும்பவில்லை. அவளைத் தனியே விட ஏலாமல், கட்டிலருகே மேசை போட்டு, பாகங்களை ஒவ்வொன்றாக ஈயம் வைத்து ஒட்டினார். கேட்கும் பகுதியை முதலில் முடித்துச் சோதிக்கும்படி பாகங்களோடு வந்த தாளில் எழுதியிருந்தது. சோதித்தார். இரைச்சலுக்குள்ளிருந்து பூரணம் சொன்னாள்: “மீன் பழுதாகப்போகுது. ஆராவது வந்து கதவைத் திறவுங்கோவன்.”

அதையே அவள் ஏழு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். காலியிலும் தூத்துக்குடியிலும் இருந்த வானொலிக்காரர்கள் ஏதோ மீன்பிடிப் படகென்று குறித்துவைத்திருந்தார்கள். அனுப்பும் பகுதியை முடிக்கப் பதினொரு நாள் சென்றது. அவ்வளவு நாளும் பதில் சொல்ல வழியின்றி, கேட்டுக்கொண்டே ஒட்டினார், விரல்கள் பொசுங்கின. முதற் சோதனையில் விதிப்படி தன் அழைப்புக்குறியைச் சொல்லிவிட்டு, “பூரணம், நான்தான்” என்றார்.

“எங்க போனனீங்கள்?”

“இஞ்சதான் இருக்கிறன். மீனை அண்டைக்கே பூனைக்குப் போட்டிட்டன். நீர் யோசியாதையும்.”

பெட்டி அழுதது. கட்டிலில் கிடந்தவளின் கண்கள் காய்ந்தே இருந்தன.

அயல் பழகிக்கொண்டது. மருத்துவத் தாதி எங்கே நோகிறதென்று பெட்டியில் கேட்டுத்தான் மருந்து கொடுத்தார். பக்கத்து வீட்டுப் பரீதா நண்டுக்கறிக்கு அளவு கேட்டு வந்தாள். ஆனால் குரல் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஒவ்வொரு நாளும் அலைவரிசையில் சற்று மேலே ஏறியது. பெட்டி சூடாவதால்தான் நகர்கிறதென்று கதிரவேல் நினைத்தார். மற்றவர்களின் குரல்களோ இருந்த இடத்திலேயே இருந்தன. மாசியில் அது பெட்டியின் எல்லையைத் தாண்டியது. எல்லையை உயர்த்த, உள்ளிருந்த செப்புச் சுருளில் ஒரு சுற்றைக் கழற்ற வேண்டும். கழற்றினார். இரண்டு கிழமை அவள் குரல் கிடைத்தது. பிறகு இன்னொன்று. உரிமம் அனுமதிக்காத இடங்களுக்கெல்லாம் அவளுக்குப் பின்னால் போனார், யாரும் தடுக்கவில்லை. முப்பத்தாறு சுற்றுகளில் ஒன்றரை வருடத்தில் ஒன்றுதான் மிஞ்சியது.

ஆவணியில் ஒரு மத்தியானம், நூல்போல மெலிந்து வந்தது அவள் குரல். “நீங்கள் சாப்பிட்டனீங்களோ?”

காலையிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. விசையை அழுத்தி, “ஓம், சாப்பிட்டனான்” என்றார். அது போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை. இரைச்சல்தான் வந்தது. பின்னேரம்வரை பார்த்திருந்துவிட்டு, இனிப் பெட்டி வேலைசெய்யாதென்று தெரிந்தே கடைசிச் சுற்றையும் கழற்றினார்.

பூரணத்துக்கு இன்னும் மூச்சு ஓடுகிறது. சில காலைகளில் பரீதா வேலிக்கப்பாலிருந்து விசாரிப்பாள்: “பூரணம் அக்கா இப்ப எத்தனையில நிக்கிறா?”

“என்ர பெட்டிக்கு எட்டாத இடத்தில, தங்கச்சி” என்பார் கதிரவேல்.

“மேல போயிட்டா போல” என்று சொல்லிவிட்டு அவள் உடுப்புக் காயப்போடுவாள். அவர் உள்ளே போய் மனைவியைப் புரட்டிப் படுக்கவைப்பார்.