ஆரமா, விட்டமா?

மூன்று மணி வகுப்புக்காக ஊசியைத் துடைக்கும்போதுதான் அது விரலில் ஏறியது. கையில் உறை இல்லை. ஒரு நிமிஷ வேலைக்கு எதற்கு என்று விட்டுவிட்டாள். இதே சாக்கைச் சொல்லும் மாணவர்களைக் கிழி கிழியென்று கிழிப்பவளும் இவள்தான்.

ஊசி நுனியில் தொங்கிய துளியைக் காணோம். நரம்பை முடக்கும் புரதம் அது. அளவு மிஞ்சி உள்ளே போனால் ஒரு மணி நேரத்துக்குள் மாற்று மருந்து போட்டாக வேண்டும்; தவறினால் மூச்சுவிடும் தசைகள் நின்றுவிடும். மருந்து இருப்பது கீழ்த்தளத்தில், பாதுகாப்பு அதிகாரியின் அறையில். அந்த அம்மா போன மாதம்தான் இவளிடம் எழுதி வாங்கியிருந்தார்: இன்னொரு முறை வெறுங்கையோடு பிடிபட்டால் வேலை இல்லை.

விரலைக் குழாய்த் தண்ணீரில் காட்டிவிட்டு, தனக்குக் கைவந்த ஒரே வித்தையில் இறங்கினாள்.

முதலாண்டு உயிர் இயற்பியல் மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் இவளுக்கு வைத்திருக்கும் பெயர் ‘தோராயம்’. வகுப்பில் வாய் ஓயாமல் சொல்லுவாள்: “பத்து மடங்கு முன்னப்பின்ன இருந்தாலும் பரவாயில்ல, எனக்கு ஒரு எண் வேணும். ‘தெரியாது’ன்னு எழுதினா முட்டைதான்.”

ஒரு காகிதத்தை இழுத்துக்கொண்டாள். ஊசி டப்பாவின் மேல் ‘துளி 0.3 மி.மீ.’ என்று எதிர் மேசைக்காரரின் கையெழுத்து. அதில் பாதி ஆரம். கன அளவு வந்தது, செறிவால் பெருக்கினாள், ஒரு மூலக்கூறின் எடையால் வகுத்தாள். முழுத் துளியும் உள்ளே போயிருந்தாலும் ஆயிரத்தெழுநூறு கோடி மூலக்கூறுகள். ஆளைச் சாய்க்க ஐயாயிரம் கோடி வேண்டும். ஒரு மூலக்கூறின் நீளம் ஐந்து நானோமீட்டர். எல்லாவற்றையும் வரிசையில் நிறுத்தினால் எண்பத்தைந்து மீட்டர். வாசல் கேட்டைக்கூடத் தொடாது.

போன உயிர் திரும்பி வந்தது. யாரிடமும் மூச்சுவிடப் போவதில்லை என்று முடிவு செய்துகொண்டு விடைத்தாள்களைத் திருத்த உட்கார்ந்தாள்.

மூன்றாவது தாளில் ஒரு புத்திசாலி, ஆரத்தின் இடத்தில் விட்டத்தைப் போட்டு, வைரஸை எட்டு மடங்கு ஊதிவிட்டிருந்தான். ‘ஆரமா, விட்டமா?’ என்று சிவப்பில் எழுதினாள். மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை. எட்டு மடங்குதானே.

பேனா அப்படியே நின்றது.

எதிர் மேசைக்காரருக்குப் போன் போட்டாள்.

“அண்ணே, டப்பா மேல 0.3ன்னு எழுதியிருக்கீங்களே, அது விட்டம்தானே?”

“நான் என்னைக்கும்மா விட்டம் எழுதினேன்? ஆரம். ஏன், என்னாச்சு?”

“ஒண்ணுமில்ல. சும்மாதான்.”

பதின்மூவாயிரத்து அறுநூறு கோடி. வரிசையில் நிறுத்தினால் அறுநூற்றெண்பது மீட்டர். கேட்டைத் தாண்டி, சாலையைத் தாண்டி, அவள் வீட்டு வாசலையும் தாண்டிப் போகும். இந்நேரம் பள்ளியிலிருந்து வந்து மகள் பூட்டைத் திறந்துகொண்டிருப்பாள். கடிகாரத்தைப் பார்த்தாள். குத்தி நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது.

அப்போதும் புத்தி சும்மா இருக்கவில்லை. முழுத் துளியுமா போயிருக்கும்? கால்வாசி என்று வைத்துக்கொள்வோமே. கால்வாசி என்றால் மூவாயிரத்து நானூறு கோடி, பிழைத்தோம். பென்சில் அதையும் எழுதி முடித்துவிட்டது. எழுதியதைப் பார்த்தாள். கால்வாசி எங்கிருந்து வந்தது? வேண்டிய விடையை முதலில் வைத்துக்கொண்டு அதற்கேற்ற எண்ணைத் தேடும் மாணவர்களை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

படிகளில் விழுந்தடித்துக்கொண்டு இறங்கினாள்.

அதிகாரியம்மா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். “வெறுங்கையாவா?”

“ஆமாங்க.”

“எத்தன மணிக்கு?”

“ரெண்டேகால். நாப்பத்தி மூணு நிமிஷம் ஆச்சு.”

அந்த அம்மாவின் முகம் மாறியது. வைதுகொண்டே குளிர்பெட்டியைத் திறந்தார். “எவ்வளவு போயிருக்கும்? நீதான் தோராயத்துல புலியாச்சே, சொல்லு.”

கால்வாசி என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது.

“தெரியாது மேடம்,” என்றாள். இந்த அறையில் மட்டுமல்ல, இந்தக் கட்டிடத்திலேயே அவள் அந்தச் சொல்லைத் தன் பதிலாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. “சத்தியமா தெரியாது. மருந்தப் போட்டுடுங்க.”

அதிகாரியம்மா மருந்தை ஊசியில் ஏற்றிவிட்டு, குத்துப்பட்ட விரலைப் பிடித்தார்.

“வலிக்குதா?”

“நீங்க இன்னும் தொடவே இல்லையே.”

அவள் குனிந்து பார்த்தாள். விரல் நுனி வெளுக்கும்படி அந்த அம்மா நகத்தால் அழுத்திக் கிள்ளிக்கொண்டிருந்தார்.